‘எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் ஆபரேஷன்’ என்கிறார்கள், எடையோ குறையவில்லை. என்ன செய்வது?

கேட்டிருப்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். வயது 36, உயரம் 158 செ.மீ., எடை 118 கிலோ. சில வருடங்களாகச் சர்க்கரை நோய். இரண்டு வேளை இன்சுலின், கூடவே கிளிமெபிரைடு மாத்திரை. இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்காகப் போனபோது சர்ஜன் 8 கிலோ குறைத்துவிட்டு வரச் சொன்னார். மூன்று மாதத்தில் 3 கிலோ குறைந்து, அதில் 2 கிலோ திரும்பிவிட்டது. “என்னால் குறைக்க முடிந்தால் நான் ஏன் ஆபரேஷனுக்கு வரப்போகிறேன்?” என்று கேட்கிறீர்கள். அதோடு, “இதையே செய்ய முடியாதவளுக்கு ஆபரேஷன் செய்தும் வீண்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள், அது உண்மையா?” என்று கடைசியில் ஒரு வரி. முதல் கேள்வி சர்ஜனுக்கானது. உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் சர்ஜன் அல்ல. பேரியாட்ரிக் (உடல் பருமன் அறுவை சிகிச்சை) குழுவில் பல வருடங்களாக வேலை பார்க்கும் டயட்டீஷியன். உங்கள் ரிப்போர்ட் எதையும் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் நினைவில் வையுங்கள். மருந்து அளவு பற்றிச் சொல்வதெல்லாம் உங்கள் டாக்டரிடம் எடுத்துப் போய்ப் பேசுவதற்குத்தான்.

வீட்டில் சொல்வது தவறு. டயட்டில் குறையாதவருக்கு அறுவை சிகிச்சையும் பலிக்காது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் வழக்கமான சிகிச்சையில் இருந்த அதே மாதிரி உடல் பருமன் கொண்டவர்களையும் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களின் சராசரி எடை 15 வருடம் வரை பார்த்தும் 2 சதவீதத்துக்கு மேல் நகரவில்லை. இரைப்பை பைபாஸ் என்ற அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களோ 10 வருடம் கழித்தும் சராசரியாக 25 சதவீதம் குறைவான எடையில் இருந்தார்கள். அத்தனை ஆயிரம் பேரும் ஒரு பக்கம் சோம்பேறிகள், இன்னொரு பக்கம் மன உறுதி மிக்கவர்கள் என்று பிரிந்து நின்றார்கள் என்றா சொல்வது? உடம்புக்குள் நடப்பதுதான் வேறு.

அது என்னவென்றும் ஓரளவு தெரியும். மெல்போர்னில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 50 பேருக்கு 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். சராசரியாகப் பதின்மூன்றரைக் கிலோ குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பசியைத் தூண்டும் கிரெலின் இன்னும் உயர்ந்தே இருந்தது. ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைந்தே இருந்தது. பசியும் முன்பைவிட அதிகம். அதோடு, எடை குறையும்போது உடல் செலவழிக்கும் கலோரியும் குறைகிறது. 3 கிலோ குறைந்து 2 கிலோ திரும்பியதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் கிரெலின் அதிகம் சுரக்கும் இரைப்பையின் மேல்பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதன்பின் சாப்பிட உட்காரும் ஆளின் பசியே வேறு. இன்று நீங்கள் எதிர்த்து மல்லுக்கட்டும் பசியை வைத்து நாளைய பலனைக் கணிப்பது சரியல்ல.

அப்படியானால் சர்ஜன் ஏன் குறைக்கச் சொன்னார்? ‘எடை குறையுங்கள்’ என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் முற்றிலும் வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். எது என்று கேட்காமல் மூன்று மாதம் ஓடியிருக்கிறீர்கள். கேட்காதது உங்கள் குற்றமில்லை. அங்கே போய் உட்கார்ந்தால் கேள்வி கேட்க நேரமே கொடுப்பதில்லை என்பது எனக்கும் தெரியும்.

பெரும்பாலும் காரணம் கல்லீரல்தான். உங்கள் ஸ்கேனில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்றோ மற்றொன்றோ எழுதியிருப்பார்கள். கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல்பகுதிக்கு முன்னால் படர்ந்து கிடக்கிறது. லேப்ராஸ்கோப்பில் (சிறு துளைகள் வழியே செய்யும் முறையில்) அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். கொழுப்பு ஏறிய கல்லீரல் பெரிதாகவும் கனமாகவும் இருக்கும், தூக்கினால் கிழிந்து ரத்தம் கசியும். இதற்கு வேண்டியது எடை குறைவதைவிடக் கல்லீரல் சுருங்குவது. அது நீங்கள் நினைப்பதைவிட வேகமாக நடக்கும். 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கல்லீரல் சுருங்கியதில் சுமார் 80 சதவீதம் முதல் 2 வாரத்திலேயே நடந்துவிட்டது. அதனால்தான் பல இடங்களில் தேதியை முதலில் குறித்துவிட்டு, அதற்கு முந்தைய 2 வாரம் மட்டும் கடுமையான உணவுமுறை தருகிறார்கள். மாதக்கணக்கில் குறைத்தும் ஏறியும் அலைவதைவிட, முடிவு தெரிந்த 14 நாள் கடைப்பிடிப்பது மனிதரால் முடிகிற காரியம். இந்த 2 வார உணவுமுறையால் கல்லீரல் சுருங்குகிறது, சர்ஜனுக்கு வேலை எளிதாகிறது என்பது உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம்.

மற்றவை அவ்வளவு உறுதி இல்லை. முன்கூட்டியே எடை குறைத்தால் ஆபரேஷன் சிக்கல்கள் குறையுமா? ஸ்வீடனின் பதிவேட்டில் 22,000-க்கும் மேற்பட்ட பைபாஸ் நோயாளிகளை வைத்துப் பார்த்ததில், முன்பே குறைத்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) மிக அதிகமாக இருந்தவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது யாரையும் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வல்ல. குறைக்க முடிந்தவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம். நீண்ட கால எடை இழப்பு கூடுமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ‘குறைத்துக் காட்டினால்தான் ஆபரேஷன்’ என்று மன உறுதிக்குப் பரீட்சை வைக்கிறார்களே, அதற்குத்தான் ஆதாரம் மிகவும் பலவீனம். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் மாதக்கணக்கில் டயட் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டபோது, அங்குள்ள பேரியாட்ரிக் சர்ஜன்களின் சங்கமே 2016-ல் அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை, பாரபட்சமானது என்று எழுத்தில் எதிர்த்தது. என் சொந்த அபிப்பிராயமும் அதுதான். மூச்சுக் குழாய், நுரையீரல், தூக்கத்தில் மூச்சுத் திணறல் இவற்றால் மயக்க மருந்து ஆபத்து என்று மயக்க மருந்து டாக்டர் குறைக்கச் சொன்னால் அது வேறு. அதை மதிக்க வேண்டும். பெரும்பாலும் அந்த நிபந்தனை உங்களைவிட அதிக எடை உள்ளவர்களுக்குத்தான் வரும்.

இனி உங்கள் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு விஷயம். எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் பட்டது: “டயட் இருக்கும் நாளில் பதினோரு மணிக்குக் கை நடுங்கும், வியர்க்கும், அதனால் பிஸ்கட் சாப்பிட்டுவிடுவேன்.” இதை நீங்கள் மன உறுதிக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சர்க்கரை தாழ்ந்துபோவது போலத் தெரிகிறது. காலையில் நான்கு இட்லி சாப்பிடும் ஆளுக்குக் கணக்கிட்ட இன்சுலினைப் போட்டுக்கொண்டு, அதோடு கிளிமெபிரைடும் விழுங்கிவிட்டு, ஒரு கப் ஓட்ஸ் கஞ்சி மட்டும் குடித்தால் வேறு என்ன நடக்கும்? மருந்து சர்க்கரையைக் கீழே தள்ளும், உடம்பு அலறும், நீங்கள் சாப்பிட்டே ஆக வேண்டும். நான்கைந்து மாரி பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் 200 கலோரி. மாலையிலும் ஒருமுறை இப்படி ஆனால், இட்லியைக் குறைத்து மிச்சப்படுத்தியது அத்தனையும் போச்சு. இன்சுலின், கிளிமெபிரைடு இரண்டுமே எடையை ஏற்றும் தன்மை உள்ளவை என்பது போதாதென்று, இப்படிச் சாப்பிடவும் வைக்கின்றன.

அடுத்த முறை நடுங்கும்போது முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மெஷின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் அதைத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் குடித்துவிடுங்கள். பிஸ்கட் இதற்குச் சரியான மருந்து அல்ல. மெதுவாகத்தான் ஏறும், அதற்குள் ஒரு பாக்கெட் காலியாகியிருக்கும். ஒரு வாரம் நாளுக்கு நான்கு முறை பார்த்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி, உங்கள் சர்க்கரை டாக்டரிடம் காட்டுங்கள். “ஆபரேஷனுக்காக உணவைக் குறைக்கப்போகிறேன், இன்சுலினையும் மாத்திரையையும் எவ்வளவு குறைப்பது?” என்று கேளுங்கள். சர்ஜன் ஓர் இடம், சர்க்கரை டாக்டர் இன்னோர் இடம் என்று இருக்கும்போது இந்தப் பேச்சு நடக்காமலேயே போய்விடுகிறது. நீங்களாக மட்டும் எதையும் நிறுத்த வேண்டாம். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போல ‘ஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரை ஏதாவது எடுத்தால் அதையும் இரண்டு டாக்டர்களிடமும் சொல்லுங்கள். அவற்றை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் உணவுமுறையோடு அவை சேர்ந்தால், ரத்தச் சர்க்கரை சுமாராக இருக்கும்போதே உடலில் அமிலம் கூடி ஆபத்தாகலாம். இது தவிர, ஸ்டீராய்டு, மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட் இவையும் எடையை ஏற்றும். தைராய்டு கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்றும் பாருங்கள்.

உணவு விஷயத்தில் நீங்கள் எழுதிய பட்டியலைப் பார்த்தேன். இரவு சோற்றை விட்டுவிட்டு மூன்று சப்பாத்தி. காலையில் தேன் கலந்த எலுமிச்சை நீர். மதியம் சோறு பாதி. சப்பாத்திக்கு மாறினால் எடை குறையும் என்று நம் ஊரில் யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. எண்ணெய் தொட்டுச் சுட்ட மூன்று சப்பாத்தி 300 கலோரியைத் தொடும். ஒரு கப் சோறு 200 அளவுதான். தேன் என்பது சர்க்கரைதான். உங்கள் பட்டியலில் இல்லாதது இரண்டு. ஒன்று எண்ணெய். உங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மாதம் 5 லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி. தட்டில் கண்ணுக்குத் தெரியாமலே வந்துவிடும். மற்றது புரதம். ஓர் இட்லியில் 2 கிராம்தான். நம் சாம்பார் பெரும்பாலும் தண்ணீர். ஒரு நாள் முழுக்க நீங்கள் சாப்பிடுவதில் 35 கிராம் தேறினால் அதிகம். அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நாங்கள் எதிர்பார்ப்பது 60 முதல் 80 கிராம். புரதம் குறைந்தால் பசி அடங்காது, குறையும் எடையில் தசையும் சேர்ந்து போகும். முட்டை 6 கிராம், சமைத்த கோழி 100 கிராமில் 27-க்கு மேல், மீனில் 20 அளவு, காய்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15. அசைவம் சாப்பிடாத நாட்களில் பனீர், சுண்டல், சோயா, தயிர் எல்லாவற்றையும் சேர்த்தாலும் கொஞ்சம் இழுபறிதான். அங்கேதான் வே புரோட்டீன் பவுடர் கைகொடுக்கும்.

அந்த 2 வார உணவுமுறை பொதுவாக ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 கலோரி. புரோட்டீன் பவுடர் கலந்த கொழுப்பு நீக்கிய பால், மோர், வடிகட்டிய சூப், வேகவைத்த முட்டை, கீரை, சுரைக்காய், வெள்ளரி மாதிரிக் காய்கள், அரை கப் சுண்டல். இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். முதல் மூன்று நாள் தலைவலியும் எரிச்சலும் வரும். நான்காம் நாள் பசி கொஞ்சம் மட்டுப்படும் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். முதல் வாரம் 2, 3 கிலோ சட்டென்று இறங்கினால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். கல்லீரலிலும் தசையிலும் சேமித்த கிளைக்கோஜன் கரையும்போது அது பிடித்து வைத்திருந்த நீரும் போகிறது. கல்லீரலைப் பொறுத்தவரை அதுவும் நமக்கு லாபமே. சிறுநீரகத்தில் பிரச்சினை இருந்தால் புரத அளவு மாறும். இன்சுலின் போடும் நீங்கள் இந்த உணவை மேற்பார்வை இல்லாமல் தொடங்கவே கூடாது. காரணம் மேலே சொன்னதுதான்.

எடை இயந்திரத்தையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வீட்டு மெஷின் ஒன்று, மருத்துவமனை மெஷின் ஒன்று, மாதவிலக்குக்கு முந்தைய வாரம், மலச்சிக்கல் இவற்றிலேயே ஒன்றரைக் கிலோ வித்தியாசம் வந்துவிடும். திரும்பிவிட்டது என்கிற அந்த 2 கிலோவில் எவ்வளவு கொழுப்பு என்று யாருக்கும் தெரியாது.

உணவால் மட்டும் முடியவில்லை என்றால் ஊசி மருந்துகள் உண்டு. டிர்செபடைட் (மவுன்ஜாரோ) 2025 மார்ச்சிலும், எடை குறைப்புக்கான செமாக்ளூடைட் (வெகோவி) அதே வருடம் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. பெரிய ஆய்வுகளில் செமாக்ளூடைட் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் வரையும், டிர்செபடைட் அதிக அளவில் 72 வாரத்தில் சுமார் 20 சதவீதமும் குறைத்தன. அந்த ஆய்வுகளில் இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை. இருப்பவர்களுக்குப் பலன் சற்றுக் குறைவு. ஆனாலும் உங்கள் இலக்கு 8 கிலோதான், சில மாதத்தில் எட்டக்கூடியது. இதைத் தொடங்கினால் கிளிமெபிரைடை நிறுத்தவும் இன்சுலினைக் குறைக்கவும் டாக்டருக்கு வழி கிடைக்கலாம். முன்பு கணையம் வீங்கியிருந்தால், குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால், கர்ப்பத்துக்குத் திட்டம் இருந்தால் சொல்லிவிடுங்கள். விழித்திரையையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். ஏற்கெனவே பாதிப்பு இருக்கும் கண்ணில், சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது மோசமாகலாம். ஊசி போட்டுக்கொள்வதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கவே கூடாது. இரைப்பை மெதுவாகக் காலியாவதால், வழக்கம்போல் வெறும் வயிற்றில் போனாலும் உள்ளே உணவு தங்கியிருக்கலாம். செலவு அதிகம் என்பதும் உண்மை. இரைப்பைக்குள் வைக்கும் பலூன் இன்னொரு வழி. உங்கள் எடைக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

“குறைத்துவிட்டால் இன்சூரன்ஸ் தர மாட்டார்களோ?” என்ற பயத்துக்குக் கணக்கே பதில். உங்கள் பிஎம்ஐ இப்போது 47. எட்டுக் கிலோ குறைந்து 110 ஆனாலும் 44. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது விதியில், 18 வயது நிரம்பி, டாக்டர் பரிந்துரையோடு, பிஎம்ஐ 40-ம் அதற்கு மேலும் இருந்தால் உடல் பருமன் அறுவை சிகிச்சையை விலக்கக் கூடாது. 35 முதல் 40 வரை என்றால்தான் கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத் திணறல் போன்ற ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். மற்ற வழிகள் பலிக்கவில்லை என்பதும் வேண்டும். நீங்கள் 40-க்குக் கீழே போக 18 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். ஆகவே கவலை வேண்டாம். என்றாலும், கணவரின் கம்பெனி பாலிசி என்பதால் அதில் தனி நிபந்தனையோ காத்திருப்புக் காலமோ இருக்கிறதா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் நாள் பார்த்த எடை, உயரம், பிஎம்ஐ மூன்றும் டாக்டரின் சீட்டில் தேதியோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிஎம்ஐ 41, 42-ல் இருக்கும் மற்றவர்களுக்கு இந்தச் சீட்டுதான் உயிர்நாடி.

தகுதி என்று பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே எல்லைக்கு வெகு உள்ளே இருக்கிறீர்கள். 2022-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் பிஎம்ஐ 35-க்கு மேல் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களுக்கு வரம்பு இன்னும் கீழே. எனவே சர்ஜனிடம் திரும்பப் போகும்போது இப்படிக் கேளுங்கள்: “எட்டுக் கிலோ எதற்காக? கல்லீரலுக்கென்றால், தேதி குறித்துவிட்டு 2 வார உணவுமுறை தர முடியுமா? மயக்க மருந்துக்கென்றால், அந்த டாக்டரை இப்போதே பார்க்கலாமா?” மூன்று மாதச் சர்க்கரை அளவு, இரும்பு, பி12, வைட்டமின் டி, தூக்கப் பரிசோதனை இவற்றைச் சரிசெய்வதும் தயாரிப்புதான், எடை நகராத மாதங்களில் அவற்றை முடிக்கலாம். யாரும் பார்க்காதபோது கட்டுப்பாடு இழந்து அளவுக்கு மீறிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. அறுவை சிகிச்சையால் அது தானாகச் சரியாகாது. காரணம் சொல்லாமல் “முதலில் குறைத்துக் காட்டுங்கள்” என்பது மட்டுமே பதிலாக வந்தால், ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு இன்னொரு பேரியாட்ரிக் குழுவைப் பாருங்கள். டயட்டீஷியனும் சர்க்கரை டாக்டரும் சர்ஜனும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசும் குழுவாக இருந்தால் நல்லது. அதுவரை அந்தப் பதினோரு மணி நடுக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள்; சர்க்கரை டாக்டரை இந்த வாரமே பாருங்கள்.